அடுப்படியில் ஒரு ஜாடி ஒயின்

அந்த வருடம் ஐப்பசிக் கடைசியில் மழை விடாமல் பெய்தது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அப்படிப் பெய்தால் நெல் போட்டவர்கள் சந்தோஷமாக இருப்பார்கள். திராட்சைக்காரர்கள் மட்டும் வாசலில் நின்று மேற்கு மலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு வயல் கிடையாது. காமயகவுண்டன்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு பந்தல் தோட்டம் மட்டும்தான். பன்னீர் திராட்சை. பழம் கறுத்து, அறுப்புக்கு ஆள் சொல்லி வைத்திருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

பழுத்த திராட்சைக்குக் கொடி வழியாகத் தண்ணீர் ஏறினால் தோல் தாங்காது. மழை விட்ட அன்று காலையில் என் கணவர் தோட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"வெடிச்சிருச்சு" என்றார்.

சனிக்கிழமை என்பதால் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். அவரோடு நானும் போனேன். பந்தலுக்குள் குனிந்து நுழைந்தால் மேலேயிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு குலையிலும் கால்வாசிப் பழம் கீறிவிட்டது போலப் பிளந்து கிடந்தது. சாறு கசிந்து ஈ மொய்த்தது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் போன் செய்துகொண்டிருந்த வியாபாரி, விஷயம் கேட்டதும், "அடுத்த அறுப்புல பாப்போம்ணே" என்று சொல்லி வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெடித்த பழம் லாரியில் குமுளி மேட்டைத் தாண்டுவதற்குள் கஞ்சியாகிவிடும்.

நாங்கள் இருவரும் ஆளுக்கொரு கூடையோடு நல்ல பழத்தை மட்டும் உதிர்த்துச் சேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் சேச்சி வந்தார். எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர். மலைக்கு மேலே, கேரளத்துக் கட்டப்பனைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அவர் கணவர் ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். வேலை முடிந்த பிறகு, மலைக் குளிர் மூச்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று இருவரும் கீழே இறங்கி வந்து எங்கள் தெருவில் வீடு கட்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நானும் சேச்சியும் ஒன்றாகத்தான் போவோம். அன்றைக்கு ஜாமுக்குக் கொஞ்சம் பழம் வாங்கலாம் என்று வந்தவர், கூடைகளைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"டீச்சரே, இத என்ன செய்யப் போற?"

"தெரியல சேச்சி. அக்கம்பக்கம் குடுக்கணும். மிச்சத்த மாட்டுக்குப் போடணும்."

"மாட்டுக்கா? ஐயோ கர்த்தாவே. ஒயின் போடலாமே. இப்ப போட்டா கிறிஸ்மஸ்க்கு சரியா இருக்கும். குளிருக்கு நல்லது."

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து என் கணவர் சொன்னார்: "போடலாமே."

நான் கூடையைக் கீழே வைத்துவிட்டேன். சேச்சிக்கு எங்கள் கதை தெரியாது. அவர்கள் இந்தத் தெருவுக்குக் குடிவரும்போது என் கணவர் குடியை விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன்னால் அவர் குடித்ததை ஊரே பார்த்திருக்கிறது. மஞ்சள் காமாலையோடு மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்து, எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்த பிறகு அவர் குடிக்கவில்லை. கோயிலுக்குப் போய்ச் சத்தியம் செய்யவில்லை, யாரிடமும் அறிவிக்கவும் இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் அந்த வாடை வந்ததில்லை. ரம்மில் ஊறிய பழம் போட்ட கேக்கை யாராவது கொடுத்தால்கூட நான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய் மற்ற டீச்சர்களிடம் கொடுத்துவிடுவேன்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் வைத்துக் கேட்டேன்.

"என்னங்க, சேச்சி ஏதோ தெரியாமச் சொல்றாக. நீங்களும் சரிங்கறீக?"

"நான் குடிக்கவா கேட்டேன்?"

"கேக்கல. ஆனா இந்த வீட்டுக்குள்ள அது வேண்டாம்."

அவர் சொம்பில் தண்ணீர் மோந்து குடித்தார். அப்புறம் சொன்னார்: "இத்தனை வருசமா வெள்ளாமை எடுக்குறேன். லாரியில ஏத்துறதோட சரி, அது என்ன ஆகுதுன்னு நான் பாத்ததே இல்ல. மாட்டுக்குப் போட மனசு வரல. அவ்வளவுதேன்."

"அப்ப சேச்சி வீட்டுலயே வச்சுக்கிரட்டும்."

"ஒளிச்சு வச்சா அது பெருசாத் தெரியும். இங்கனயே அடுப்படியில வை. நீ போக வரப் பாக்குற எடத்துல. எனக்கு வேண்டாம்னு பட்டா நானே சொல்றேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். ஒருவர் பொய் சொல்லும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடம் அந்த முகத்தைப் படித்திருக்கிறேன். அன்றைக்கு அப்படி இல்லை. ஆனாலும் பயம் போகவில்லை. மாலையில் சேச்சி வீட்டுக்குப் போய், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். சேச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அறியாது டீச்சரே. வேண்டாம், விட்டுரலாம்" என்றார். "இல்ல சேச்சி, அவுகளே கேக்குறாக. போடுவோம். ஆனா என்னைக்கு நான் சொல்றேனோ அன்னைக்கு ஜாடி உங்க வீட்டுக்கு வரணும்" என்றேன். "எப்ப வேணாலும்" என்றார் சேச்சி.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் வேலை தொடங்கியது. சேச்சி தன் வீட்டிலிருந்து ஒரு பெரிய பீங்கான் ஜாடியைக் கொண்டுவந்தார். அவர் அதைப் பரணி என்பார். முதல் நாளே சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காய வைத்திருந்தார். ஒயினுக்கு எதிரி தண்ணீர் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பழத்தைக் கழுவி, வெள்ளை வேட்டியில் பரப்பி, ஈரம் போக ஒவ்வொன்றாகத் துடைத்தோம். கீறல் விட்டதெல்லாம் ஒதுக்கினார். காம்போடு ஒட்டிய பழம் இருக்கக் கூடாது, ஒரு பூஞ்சை பிடித்த பழம் விழுந்தாலும் ஜாடி முழுக்கப் போய்விடும் என்றார். என் கணவர் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொன்னதைச் செய்தார்.

அகலமான எவர்சில்வர் தேக்சாவில் பழத்தைக் கொட்டி, கையால் பிசைந்து நசுக்கினோம். பன்னீர் திராட்சையின் வாசம் எனக்கு என்றைக்கும் பிடிக்கும். ரோஜாப்பூவும் வெல்லமும் கலந்த மாதிரி இருக்கும். நசுக்கிய பழமும் சர்க்கரையும் ஒரு வரிசை, மறுபடி பழம், மறுபடி சர்க்கரை என்று ஜாடியில் போட்டோம். இரண்டு கைப்பிடி கோதுமையை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டார் சேச்சி. பட்டை, கிராம்பு, அவர் கணவர் பழைய தோட்டத்திலிருந்து வரவழைத்த பச்சை ஏலக்காய் கொஞ்சம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைத்து, அது நுரைத்து எழும்பியதும் ஊற்றினார். ஜாடியின் வாயை வேட்டித் துணியால் கட்டி, அடுப்படி மூலையில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தோம். தினமும் ஒரு தடவை மரக்கரண்டியால் கிளறிவிட வேண்டும். அது என் வேலை.

அந்த மாதம் குளிர் சீக்கிரமே வந்துவிட்டது. மழை நின்றதும் மலையிலிருந்து காற்று இறங்கும். விடியற்காலையில் பைப்புத் தண்ணீரில் கை வைக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குல்லாவோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் காலையில் பால் காய்ச்சிவிட்டு, துணியை அவிழ்த்து ஜாடியைக் கிளறுவேன். மேலே ஏறி நிற்கும் தோலும் விதையும் அமுங்கி, ஊதா நிறத்தில் நுரை பொங்கும். அதைச் செய்யும்போது அவர் பின்வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்று பார்ப்பார். முதல் சில நாள் கிட்டே வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்து, ஜாடியின் பக்கத்தில் குந்தி, வயிற்றுப் பாகத்தில் காதை வைத்துக் கேட்டார்.

"என்ன கேக்குது?" என்றேன்.

"சாரல் அடிக்கிற மாதிரி இருக்கு. நீ கேட்டுப் பாரு."

நானும் காது வைத்தேன். உள்ளே சிறுசிறு குமிழிகள் உடைந்துகொண்டே இருந்தன. தகரக் கூரையில் தூறல் விழுவது போல, இடைவிடாமல், மெதுவாக. நாங்கள் இருவரும் ஜாடிக்கு இரண்டு பக்கமும் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்ததை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

"இத்தனை வருசம் குடிச்சேன். அது எப்படி ஆகுதுன்னு ஒருநாளும் நெனச்சதில்ல" என்றார். கொஞ்சம் கழித்து, "ருசிக்காகவும் நான் குடிக்கல. வாயில வச்சது தெரியாம முழுங்கிருவேன்" என்றார். குடியைப் பற்றி அவராக என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. மேற்கொண்டு ஏதாவது கேட்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் ஜாடி பொங்கி வழிந்துவிட்டது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் துணி நனைந்து, சிமெண்டுத் தரையில் ஊதாவாக ஒரு வட்டம். எறும்பு வரிசை பின்வாசல் வரை போயிருந்தது. வாசம் தெருவுக்கே போய்விட்டது போல. எங்கள் கோயில் மாதர் சங்கத்துக்குச் சந்தா வாங்க வந்த அக்கா வாசலிலேயே மூக்கை உறிஞ்சி, "என்ன டீச்சர், உங்க வீட்டுல ஒரு மாதிரி வாசம் வருது?" என்று கேட்டார். "திராட்சை ஊறல் போட்டிருக்கோம்க்கா, கிறிஸ்மஸ்க்கு" என்றேன். "ஊறலா!" என்று அவர் கண்ணை விரித்த விதத்தில், நான் சாராயம் காய்ச்சுகிறேன் என்று மறுநாளே ஊருக்குள் பேச்சு வந்துவிடும் என்று தெரிந்தது. பின்னால் இருந்து சேச்சி வந்து, "ஒரு குப்பி உங்களுக்கும் உண்டு, பேசாம போங்க" என்று அவரை அனுப்பி வைத்தார்.

இரண்டாவது வாரம் நுரை அடங்கியது. காலையில் துணியை அவிழ்க்கும்போது முகத்தில் அடிக்கும் வாசம் மாறிவிட்டது. பழ வாசம் போய், மூக்கின் உள்பக்கத்தைச் சுள்ளென்று தொடுகிற வேறொரு வாசம் வந்தது. அது எனக்குத் தெரிந்த வாசம்தான். அவர் குடித்த காலத்துச் சட்டைகளைத் துவைத்தவள் நான். கையில் கரண்டியோடு ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். பின்வாசலில் அவர் இல்லை. அன்றைக்குப் பல் துலக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தார். மறுநாளும் அப்படியே. அவர் அடுப்படிக்குள் வருவது குறைந்திருந்தது. காப்பியை முன் அறைக்கே கொண்டுவரச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் நிலைப்படியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"இந்தா, அந்த ஜாடிய சேச்சி வீட்டுக்குக் கொண்டு போயிரு."

கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"ஆசை வருது" என்றார். "முந்தாநாள்ல இருந்து. அடங்கிரும்னு பாத்தேன். அடங்கல."

அவர் குரலில் அழுகையோ கோபமோ இல்லை. கால் வலிக்கிறது என்று சொல்வது மாதிரித்தான் சொன்னார். "இப்பவேவா?" என்று கேட்டேன். "இப்பவே. நான் தோட்டத்துப் பக்கம் போயிட்டு வாரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். தோட்டத்துப் பாதையில்தான் திரும்பினார்.

சேச்சியைக் கூப்பிட்டேன். அவர் உடனே தன் கணவரையும் அழைத்து வந்தார். ஜாடியின் கழுத்தில் ஒரு பழைய சேலையைச் சுற்றி ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, அடியில் கை கொடுத்து, மூன்று பேருமாக அதைத் தெருவில் தூக்கிக்கொண்டு போனோம். பட்டப்பகல். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லார் வீட்டு வாசலிலும் ஆள் இருந்தது. உள்ளே தளும்பித் தளும்பி என் சேலை முழுக்கக் கறையானது. எதிர் வீட்டுப் பெரியவர் எழுந்து நின்று, "ஊறுகாயாம்மா?" என்றார். "ஆமா" என்றார் சேச்சியின் கணவர் மூச்சு வாங்கிக்கொண்டே. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பொழுது இறங்கும்போது என் கணவர் திரும்பி வந்தார். கை நிறையக் கொத்தவரங்காய் வைத்திருந்தார். வரப்போரம் போட்டிருந்ததாம். சுக்கு மல்லி காப்பி போட்டுக் கொடுத்தேன். அடுப்படிக்குள் வந்து, மூலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து குடித்தார்.

எங்கள் மகள் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். கிறிஸ்மஸுக்கு அவளுக்கு டூட்டி விழுந்துவிட்டதால், அதற்கு முன்னாலேயே லீவு போட்டு வந்தாள். ஜாடியைத் தூக்கிக்கொண்டு போன இரண்டு மூன்று நாளில் வந்தாள் என்று ஞாபகம். சேச்சியோடு சேர்ந்து ஒயின் போடுகிறோம் என்று போனில் சொல்லியிருந்தேன். அது சேச்சி வீட்டில் நடக்கிற வேலை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். காலை பஸ்ஸில் வந்து இறங்கியவள், பையை வைத்துவிட்டு, முகம் கழுவிக் காப்பிக்காக அடுப்படிக்குள் வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு பழக்கம். வீட்டுக்குள் நுழைந்ததும் மூச்சை லேசாக இழுத்துப் பார்ப்பாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று அவள் அப்படித்தான் தெரிந்துகொள்வாள். நான் அடுப்படியை இரண்டு தடவை பினாயில் விட்டுக் கழுவியிருந்தேன். ஆனாலும் வாசம் சுவரில் இருந்தது. அவள் குனிந்து தரையில் இருந்த ஊதா வட்டத்தைப் பார்த்தாள்.

"அம்மா, இங்கன என்ன இருந்துச்சு?"

"ஒயின் ஜாடி. சேச்சி வீட்டுக்குக் கொண்டு போயிட்டோம்."

"இங்கன வச்சிருந்தீங்களா? இந்த வீட்டுலயா?"

அவள் சத்தம் போடவில்லை. அதற்குள் பின்வாசல் வழியாக அவர் வந்தார். மகள் குரல் கேட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே சிரித்தபடி வந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றார்.

"குடிச்சீங்களாப்பா?"

அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை கேட்கப்பட்டது. நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுகூட அவர் ஒரே பதில்தான் சொல்வார். இல்லை. கோயில் மேல் சத்தியமாக இல்லை. பிள்ளை தலையில் அடித்துச் சொல்கிறேன், இல்லை. அவள் பத்து வயதுக்குள் கேட்டுக் கேட்டுச் சலித்த பதில்.

"குடிக்கல ஆத்தா" என்றார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஆனா குடிக்கணும்னு ஆசை வந்துச்சு. நல்லா வந்துச்சு. ரெண்டு நாள் அடுப்படிக்குள்ளயே நான் வரல. அப்புறம் உங்கம்மாட்டச் சொல்லித் தூக்கிட்டுப் போகச் சொன்னேன்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் திரும்பவும் அவரைப் பார்த்தாள். அவர் பார்வையை விலக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் ஓடிப்போய் அணைத்தேன். திரும்பியபோது அவள் அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் பேசியது நர்ஸ் குரலில்.

"இப்ப எப்படிப்பா இருக்கு?"

"இப்பப் பரவாயில்ல. சாயங்காலமானா கொஞ்சம் தோணுது. காப்பியக் குடிச்சிட்டு அப்படியே தெருவுல நடந்துட்டு வந்தாச் சரியாப் போகுது."

"கை நடுக்கம், தூக்கம் வராம இருக்குறது, அதெல்லாம்?"

"அதெல்லாம் இல்ல."

"நாளைக்குத் தேனியில டாக்டரப் பாத்துட்டு வருவோம். நானும் வாரேன். இப்ப எங்களுக்குச் சொன்னதை அவர்ட்டயும் சொல்லணும். வருவீங்கள்ல?"

"வாரேன் ஆத்தா."

அவர் வெளியே போனதும் அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, நான் கேட்டதுக்கு அப்பா பொய் சொல்லாமப் பதில் சொன்னது இதுதான் முதல் தடவை." அப்புறம் என் தோளில் முகத்தை வைத்து நன்றாக அழுதாள். நான் அவளுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தேன். கோபமும் அவளுக்கு இல்லாமல் இல்லை. "ஆனாலும் உங்க ரெண்டு பேருக்கும் தைரியம் ஜாஸ்தி. இனிமே இதெல்லாம் வீட்டுக்குள்ள வேண்டாம்" என்றாள். "வேண்டாம்" என்றேன். அதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

மறுநாள் அப்பாவும் மகளும் டவுன் பஸ்ஸில் கம்பம் போய், அங்கிருந்து தேனி பஸ் பிடித்துப் போனார்கள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆசை வருவது ஆச்சரியம் இல்லை, வந்ததும் வாய்விட்டுச் சொன்னதுதான் நல்லது, மாதம் ஒரு தடவை வந்து பேசிவிட்டுப் போங்கள் என்றாராம். ஈரல் எப்படி இருக்கிறது என்று பரிசோதனையும் செய்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. இருவரும் வழியில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு, எனக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு, ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள். அவள் ஊருக்குக் கிளம்பும் வரை தினமும் மாலையில் அவரோடு நடக்கப் போனாள்.

ஒயினை வடிகட்டிய வேலை முழுக்கச் சேச்சி வீட்டில் நடந்தது. தோலும் விதையும் கோதுமையும் துணியில் தங்க, தெளிந்தது கீழே இறங்கியது. அதைத் திரும்பவும் ஜாடியில் ஊற்றி அசையாமல் வைத்தோம். கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால் சேச்சி கொஞ்சம் சர்க்கரையைக் கறுக்க விட்டு, நிறத்துக்காகச் சேர்த்தார். அடியில் படிந்த மண்டி கலங்காமல், ரப்பர் டியூப் வைத்து உறிஞ்சி, பாட்டில்களில் பிடித்தோம். சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் நாவல்பழ நிறம். நான் அதுவரை வாயில் மது வைத்ததே இல்லை. சேச்சி அரை டம்ளர் ஊற்றி என் கையில் கொடுத்தார்.

பயந்துகொண்டேதான் குடித்தேன். முதலில் இனிப்பு, பிறகு துவர்ப்பு, கடைசியில் கிராம்பு. தொண்டையிலிருந்து நெஞ்சு வரை ஒரு சூடு இறங்கியது. நன்றாக இருந்தது. அதுதான் எனக்குச் சங்கடமாகவும் இருந்தது. இவ்வளவு வருடம் நான் வெறுத்த ஒன்று, எங்கள் தோட்டத்துப் பழத்தில், என் கையால் செய்தது, நாக்கில் இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று இருந்தது. சேச்சியிடம் அதைச் சொன்னேன். "அது பழத்தோட குணம் டீச்சரே. நீ என்ன செய்வ" என்றார்.

வீட்டுக்குப் போனதும் என் கணவரிடமும் சொல்லிவிட்டேன். "குடிச்சுப் பாத்தேன். நல்லா இருந்துச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னத்த நல்லா இருந்துச்சு? ஒழுங்காச் சொல்லு. பழம் தெரியுதா?"

"தெரியுது. ஏலக்காயும் தெரியுது. கடைசியில கொஞ்சம் துவர்க்குது."

"துவர்க்கத்தேன் செய்யும். மழைத் தண்ணி ஏறுன பழம்" என்றார். அவருக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. தோட்டத்துக்காரர் கேட்கிற கேள்விதான் அது.

கிறிஸ்மஸ் அன்று காலைப் பூசை முடிந்து, பிரியாணியும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஆகி, மாலையில் நாங்கள் சேச்சி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. சேச்சியின் கணவருக்குச் சளி. சேச்சி ஒரு பாத்திரத்தில் ஒயினை ஊற்றி, பட்டையும் ஆரஞ்சுத் தோலும் ஒரு துண்டு சுக்கும் தட்டிப் போட்டு, கொதிக்க விடாமல் சூடாக்கினார். மலையில் இருந்த காலத்தில், குளிர் தாங்காத மாதங்களில் அப்படித்தான் குடிப்பார்களாம். என் கணவர் என்ன செய்வார் என்று எனக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் முதலிலேயே எங்களிடமிருந்து தள்ளி, வாசல் பக்கம் காற்று வருகிற இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். நான் பிளாஸ்கில் கொண்டுவந்திருந்த சுக்குக் காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். மகள் வீடியோ காலில் வந்தாள். யூனிபாரத்தோடு நின்றுகொண்டு, "எல்லார் டம்ளரையும் காட்டுங்க" என்றாள். ஒவ்வொருவராகக் காட்டினோம். அவர் தன் டம்ளரைப் போன் முன்னால் சாய்த்து, காப்பிதான் என்று காட்டினார். "சிந்திராதீங்கப்பா" என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து, "நான் வீட்டுக்குப் போறேன், நீ இருந்துட்டு மெல்ல வா" என்று கிளம்பினார். அவர் சீக்கிரம் கிளம்பியது ஏன் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். யாரும் இருக்கச் சொல்லி வற்புறுத்தவில்லை.

சங்கத்து அக்காவுக்கு ஒரு பாட்டில், கோயில் சாமியார் வீட்டுக்கு ஒரு பாட்டில் என்று சேச்சி பங்கு வைத்தார். என் பங்கை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அது சேச்சியின் அலமாரியில் இருந்தது. தை மாதக் குளிரில், பள்ளிக்கூடம் விட்டு வந்து வேலையெல்லாம் முடிந்த பிறகு, எப்போதாவது சேச்சி வீட்டுக்குப் போய் ஒரு சின்ன டம்ளர் குடித்துவிட்டு வருவேன். மறைத்துச் செய்ததில்லை. போகும்போது அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

அப்படி ஒரு மாலை நானும் சேச்சியும் பேச்சில் உட்கார்ந்துவிட்டோம். வாசல் கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. அவர் வெளியே நின்றிருந்தார்.

"டீச்சரம்மா, போதுமா? வீட்டுக்குப் போவமா?"

சேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. தெருவில் நடக்கும்போது, "நாளைக்குக் கொடி வெட்ட ஆள் வர்றாக. காலையில சீக்கிரமே சோறாக்கணும்" என்றார். "எத்தன பேரு?" என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணிச் சொல்லி முடிப்பதற்குள் வீடு வந்துவிட்டது.